உரச்சாக்குப் பைக்குள் என் ரத்தம்

இன்று காலை மாதப் பரிசோதனைக்காகச் செம்பட்டியில் திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ஓர் அக்கா, மடியில் உரச்சாக்குப் பை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காமாலையா தாயி? வெறும் வயித்துல கீழாநெல்லிய அரைச்சுக் குடி. எண்ணெய் சேக்காத."

வழக்கமாகத் தலையாட்டிவிடுவேன். இன்று முழங்கால் வலியில் பொறுமை இல்லை.

"காமாலைக் காய்ச்சல் இல்லக்கா. இது பொறந்ததுல இருந்தே ரத்தத்துல உள்ள நோய், சிக்கிள் செல்னு பேரு. வட்டமா இருக்க வேண்டிய சிவப்பணு எனக்கு அருவா மாதிரி வளைஞ்சிருது. சின்ன ரத்தக்குழாய்ல போய் அடைச்சுக்கும், அதான் வலி. சீக்கிரமே செத்தும் போயிரும், அதான் கண்ணு மஞ்சள்."

அக்கா பையைத் திறந்தார். உள்ளே சாணை பிடிக்கக் கொண்டுபோகும் கதிரருவாள்கள். ஒன்றை இழுத்தார், மாட்டிக்கொண்டு நாலும் சேர்ந்து வந்தன.

"இப்படியா?"

"இப்படித்தான்க்கா."

டாக்டர்கள் காட்டிய எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அதற்குள் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியம்மா, "வயசுப் புள்ளதான, எந்திரிச்சு எடம் குடுத்தா என்ன?" என்றார்.

"அதுக்குக் காலுக்குள்ள அருவா மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க இங்கிட்டு உக்காருங்க" என்று அக்காவே எழுந்து, பையை என் மடியில் வைத்தார்.

ஒருவருக்காவது புரியவைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

பஸ் நிலையத்தில் அக்கா பையை வாங்கிக்கொண்டு, என் காதருகே குனிந்து சொன்னார்: "ரத்தத்துக்கு டாக்டர் சொல்றபடி கேளு தாயி. கண்ணுக்கு மட்டும் கீழாநெல்லி குடி."

தலையாட்டிவிட்டேன். உங்களுக்கு இதுவரை பஸ்ஸில் என்னென்ன மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?