மளிகைக் கடையில் சொன்ன சேதி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற வாத்தியார்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பிள்ளைகள் ஏன் சார் அந்த சௌதா டீச்சரிடமே போகிறார்கள்?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டோரம் எங்கள் பள்ளிக்கூடம். நான் தமிழ் எடுக்கிறேன், அவர் கணக்கு எடுக்கிறார். சாயந்தரம் மணி அடித்ததும் சைக்கிள் கொட்டகைப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். சிலது அழும். சிலது ஒன்றுமே பேசாமல் பஸ் வருகிறவரை நின்றுவிட்டுப் போகும்.

கேட்கிறவர்களுக்கு ஆச்சரியம் எதிலென்றால், ஸ்டாஃப் ரூமில் சௌதா டீச்சரைப்போல வாயாடி வேறு ஆளில்லை. பக்கத்து ஊர் பெருமாட்டியில் யார் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது, யார் வீட்டு நிக்காஹ் எதனால் தள்ளிப்போனது எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்கே என்று சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நானும் ஊர்வம்பில் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் என் காது தானாக அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ, என்னிடம் ஒரு பிள்ளையும் மனசுவிட்டுப் பேசியதில்லை.

இன்னொரு அதிசயமும் உண்டு. வருகிற பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே டீச்சர் ஒன்று சொல்லிவிடுவார். "உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் வெளிய சொல்லியே தீருவேன் கண்ணு. ஆனா உனக்குத் தெரியாமச் சொல்ல மாட்டேன்." இப்படி எச்சரித்த பிறகும் எந்தப் பிள்ளையாவது பேசுமா? பேசுகிறதே! அது எப்படி என்பதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. ஆனால் இந்தப் பேச்சு எந்த நாளில் பிறந்தது என்று தெரியும். அன்று நானும் கூட இருந்தேன்.

அன்சிலா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் கலீலின் ஒரே மகள், கணக்கில் கெட்டிக்காரி. ஓண லீவுக்கு முந்தைய பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். நானாக இருந்தால் முட்டையைப் போட்டு, நாளைக்கு அத்தாவோடு வா என்றிருப்பேன். சௌதா டீச்சர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே அந்தப் பெண் மத்தியானச் சோற்றைத் திறக்காமல் வீட்டுக்கே எடுத்துப் போவதும், கூட்டாளிகளை விட்டு ஒதுங்கி உட்காருவதும் அவருக்கு அப்போதுதான் சேர்ந்து உறைத்தது.

சாயந்தரம் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டார். முதலில் ஒன்றும் பெயரவில்லை. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று டீச்சர் சத்தியம் பண்ணிய பிறகுதான் வாய் திறந்தாள். "தூக்கமே வர்றதில்லைங்க டீச்சர். காத்தால எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதுங்க."

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் கூட்டம் என்று நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் கடைக்காரர்கள் வருவதில்லை, கடையை யார் பார்ப்பது? அதனால் வாத்தியார்கள் சாமான் வாங்கப் போகிறபோதே பேச்சு முடிந்துவிடும். உளுந்தை நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் மகனுடைய மார்க், மகளுடைய லீவு, பக்கத்து பெஞ்சுப் பையனோடு சண்டை எல்லாம் பைசல். கூட நிற்கிறவர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு வார்த்தை சொல்வார்கள். இதில் தப்பென்று ஒன்று இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

சௌதா டீச்சர் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கலீல் கடைக்குப் போனார். பயத்தில் முன்பின் யோசிக்கவில்லை அவர். புள்ளையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, உசுரே வேண்டாங்கற மாதிரிப் பேசறா என்று சொல்லிவிட்டார். கடையில் கூட்டம் இருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? இருட்டுவதற்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாமான் வாங்க வந்தவர்கள் சாமானை மறந்து துக்கம் விசாரித்தார்கள். ஏதாவது பையன் விஷயமா என்றார் ஒருவர். ஓதித் தண்ணீர் கொடுங்கள் என்றார் இன்னொருவர். கொஞ்ச நாள் பொள்ளாச்சியில் மாமி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், ஊர் வாய் அடங்கட்டும் என்று ஒரு யோசனை. கலீல் மானஸ்தன், ஆடிப்போய்விட்டார். மகளிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிட்டாலும் பதில் இல்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சௌதா டீச்சர் என்னிடம் பொரிந்து தள்ளினார். பெற்றவரிடம்தானே சொன்னேன், இதில் என்ன தப்பு என்று கேட்டார். நான் அப்படியே ஆமோதித்தேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிற கவுன்சலிங் டீச்சர் சிசிலி அன்று வந்திருந்தார். மலையோரக் கம்பம்மெட்டு ஊர்க்காரப் பெண், வயதில் எங்களுக்கெல்லாம் இளையவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பாட்ட சொன்னது சரிதான் டீச்சர், உயிர் விஷயம்லா, சொல்லாம இருந்தாத்தான் தப்பு. சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு. பெறகு அவளுக்குத் தெரியாம, ஊரு கேக்கச் சொன்னது அத விடப் பெரிய தப்பு."

சௌதா டீச்சரின் முகம் செத்துப்போய்விட்டது. இனி அந்தப் பெண் ஆயுசுக்கும் யாரிடமும் வாய் திறக்க மாட்டாளே, உள்ளேயே வைத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால் நான் என்ன பண்ணுவேன் என்று அழுதார். சிசிலி, பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு மனநல டாக்டரிடம் போனில் பேசி வைத்தார். ஆனால் அந்தப் பெண் மனசு வைத்து வரவேண்டும், இழுத்துக்கொண்டு போய்ப் பிரயோஜனம் இல்லை என்றார். கலீல் வீட்டுக்கு நானும் வருகிறேன் என்று சிசிலி கிளம்பியபோது சௌதா டீச்சர் தடுத்துவிட்டார். கெடுத்தது நான், முதலில் நான்தான் போகவேண்டும் என்றார். கலீல் எனக்குப் பழக்கம் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

கலீல் எங்களை வாங்க என்று மட்டும் சொன்னார், முகம் கொடுக்கவில்லை. நானும் அவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சௌதா டீச்சர் மட்டும் அன்சிலாவின் அறைக்கதவுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அன்சிலா, நான் சௌதா. சொல்ல மாட்டேன்னு சொல்லிப்போட்டுக் கடையில போய்ச் சொன்னது நாந்தான். பயந்துட்டேன். பயந்தாலும் உங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கோணும். தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. கலீல் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, ஏதாவது கேளுங்களேன் என்று கையைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு சொன்னார். "உங்க அத்தாவும் தமிழ் சாரும் கூடத்துல உக்காந்துருக்காங்க. நாம பேசறது அவங்களுக்குக் கேக்கும். இருக்கட்டுமா, போகச் சொல்லட்டுமா?"

உள்ளிருந்து குரல் வந்தது. "போகச் சொல்லுங்க."

சொந்த வீட்டிலிருந்து ஒரு மனிதனை வெளியே போகச் சொன்னால் எப்படி இருக்கும்? கலீல் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முதல்நாள் ராத்திரியிலிருந்து கேட்காத மகளின் குரலைக் கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து தெருவுக்கு வந்தார். நானும் மனசில்லாமல் பின்னாலேயே வந்தேன். எனக்கு உள்ளே என்ன பேச்சு நடக்கிறதென்று மண்டை குடைந்தது.

கலீல் மெதுவாகக் கேட்டார், சாகணும்னு தோணுதான்னு டீச்சர் நேரடியாகக் கேட்டுவிடுவார்களோ, கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்று. அப்படி வராதாம், கேட்டால் பாரம்தான் இறங்குமாம் என்று சிசிலி சொன்னதை நான் ஒப்பித்தேன்.

"அப்ப இத்தன நாளும் எம்புள்ள இத ஒத்தைலயே வெச்சுட்டுக் கெடந்தாளுங்களா சார்?" என்றார்.

வெயில் இறங்கிய பிறகு வாசலில் அன்சிலா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. பின்னால் சௌதா டீச்சர் நின்றார்.

"அத்தா, உள்ள வாங்க. உங்ககிட்ட நானே சொல்லோணும்."

கலீல் போனார். நானும் செருப்பைக் கழற்றினேன். அன்சிலா என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்க வேண்டாமுங்க."

சுருக்கென்றுதான் இருந்தது. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். உள்ளே கொஞ்ச நேரத்தில் கலீல் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. அதை நான் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

மறுநாள் சந்தை நாள். சந்தை நாளில் கலீல் கடை பூட்டிக் கிடந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பனும் மகளும் காலையில் சித்தூர் பஸ் ஏறினார்களாம், கூட சௌதா டீச்சரும் போனாராம். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே சார், எதுக்குப் போறாங்க என்று கடை வாசலில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியாதுங்க என்றேன்.