கூலி கூட்டிய முதலாளியும் எங்கள் சாமித்தட்டும்

கார் என்றால் எனக்கு ஓட வேண்டும், வாகனச் சோதனையில் தப்ப வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்தவர்களின் கதையில் எனக்கு அக்கறை இருந்ததில்லை. ஆனால் இந்த மாசியில் ஒரு கார் முதலாளி என் நித்திரையைக் கெடுத்தார். செத்து எத்தனையோ காலமான அமெரிக்கர்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஃபோர்ட்ராக். வகுப்பின் முன் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். சாதாரண சனமும் வாங்கக்கூடிய காரை ஏராளமாகச் செய்து தள்ளிய அந்த மனிதரை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரே மாதிரிக் கறுப்புக் கார்கள். விலையையும் குறைத்துக்கொண்டே போனாராம். தொழிலாளி ஒவ்வொருவனையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தவரும் அவர்தானாம். நான் இங்கே சுவிஸில், பாடன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் அப்படித்தான் நிற்கிறேன்.

"அப்ப என்ர முதுகு நோவுக்கு அந்தாள்தான் காரணம்" என்றேன். மகள் சிரித்தாள். பிறகு தாளைப் புரட்டினாள்.

"கூலியை இரட்டிப்பாக்கினவர் அப்பா. ஆனா சும்மா குடுக்கேல்லை. வீடு வீடா ஆக்களை அனுப்பிப் பாத்தவர். வீடு துப்புரவோ, குடிக்கிறியோ எண்டெல்லாம் கேள்வி. வெளிநாட்டாக்கள் இங்கிலீசு படிக்கவேணும். படிச்சு முடிய ஒரு விழா. மேடையில பெரிய சட்டி. சொந்த நாட்டு உடுப்போட அதுக்குள்ள இறங்கி, கோட்டுப் போட்டுக் கொடியை ஆட்டிக்கொண்டு வெளியில வரவேணும்."

சிரிக்க வேண்டிய கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வியாழன் எங்கள் வீட்டுக்கும் ஆள் வர இருந்தது. நான், மனைவி, மகள் மூவரும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். ஊர்ச்சபையிலிருந்து ஒரு பெண் வந்து கதைப்பார் என்று கடிதம். அகதியாக வந்து முப்பது வருடம். இது தவறினால் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. யன்னல்களை இரண்டு தரம் துடைத்தேன். கறித்தூள் போத்தல்களைப் பால்கனிக்கு அனுப்பினேன். இந்த நாட்டை ஆளும் ஏழு மந்திரிமாரின் பெயர்களையும் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். புதன் பின்னேரம் மனைவியிடம், "உந்தச் சாமிப்படங்களைக் கழட்டும்" என்றேன்.

"ஏன்?"

"நாளைக்கு மட்டும்."

அவள் அசையவில்லை. நானே சாமித்தட்டிலிருந்து முருகனையும் பிள்ளையாரையும் எடுத்துத் துவாயில் சுற்றி, நிலக்கீழ் அறையில் சைக்கிளுக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவில் வைத்தேன். மகள் படிக்கட்டில் நின்று பார்த்தாள். ஏதும் சொல்லியிருந்தால் ஏசியாவது இருப்பேன்.

வந்த பெண் நல்ல மாதிரி. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், பற்றிஸ் இரண்டு சாப்பிட்டார். மந்திரிமாரைப் பற்றி மூச்சே விடவில்லை. எழும்பும்போது சுற்றிப் பார்த்தார்.

"நான் போன தமிழ் வீடுகளில் அழகான பூசை மூலை இருக்கும். உங்களுக்கு இல்லையா?" ஆசையாகத்தான் கேட்டார்.

"எங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்றேன், என் மிகத் திருத்தமான ஜெர்மனில்.

தேநீர்த் தட்டோடு நின்ற மனைவி நிமிர்ந்தாள். பிள்ளை வேண்டிக் கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு கிடந்தவள். அவளுடைய அரைகுறை ஜெர்மனை நான் எப்போதும் பகிடி பண்ணுவேன். அந்த வசனம் அவளுக்கு முழுதாக விளங்கிவிட்டது.

அந்தப் பெண் போனதும் மனைவி கீழே இறங்கிப் படங்களைத் தூக்கி வந்தாள்.

"குடியுரிமையை நீங்களும் பிள்ளையும் எடுங்கோ. என்ர பேரை வெட்டச் சொல்லி எழுதுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். அவ சும்மா கேட்டவ."

"ஓம், அவ சும்மாதான் கேட்டவ. ஆரும் சொல்லாமல் நீங்கள்தானே கழட்டினீங்கள்."

அவளுடைய பெயரை நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் கோட்டுப் பையில் கிடக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் தபால்பெட்டியைக் கண்டால் வேகமாக நடந்து கடந்துவிடுகிறேன். பின்னேரம் கதவைத் திறந்ததும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"போட்டாச்சோ?"