மாமாவின் அம்பாசடருக்கு விலை போட்ட கதை

ஒரு பழைய காருக்கு விலை போடும் பொறுப்பு எனக்குப் பதினோரு வயதில் வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்குத் தகுதியான ஆள் வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். இரண்டு பேரும் கைநாட்டு. அம்மாவின் தம்பியான மாமா, எந்தப் பஸ் எங்கே போகிறது என்பதை அதன் நிறத்தையும் முன்கண்ணாடியில் இருக்கும் சாமி படத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். நானோ ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அந்த வருடம்தான் பள்ளியில் சராசரி கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் சராசரி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

விற்க வேண்டியது மாமாவின் அம்பாசடர். அதில் அம்பாசடர் என்று சொல்ல மிச்சமிருந்தது வெளித்தகடு மட்டும்தான். உள்ளே ஒரு வேனின் டீசல் இன்ஜின். ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியிருந்தது. பின்பக்கப் பல்சக்கரங்களை மாமாவே மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டியிருந்தார். பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்குகள். ரேடியேட்டர் சூட்டை ஒரு குழாய் வழியாகப் பின்சீட்டின் காலடிக்குக் கொண்டுவந்திருந்தார். மார்கழியில் அந்த இடத்துக்காகப் பெண்கள் சண்டை போடுவார்கள். இன்ஜின் மாற்றியது ஆர்.சி. புக்கில் முறையாக ஏறியிருக்கிறது என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவ்வளவு ஆசையாகச் செய்த வண்டியை விற்கக் காரணம் இருந்தது. பச்சைத் தேயிலை மூட்டைகளை பேக்டரிக்குக் கொண்டுபோகும் வேலையை மாமாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாகப் பிக்கப் வண்டி வேண்டும். அதை எடுக்க முன்பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம். சீசன் தொடங்குவதற்குள் கட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். மாமா அம்மா கையில் வளர்ந்தவர். திருப்பூர் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

விலை பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். மாமாவின் கணக்கு எளிமையானது. வண்டி வாங்கிய விலை, பிறகு அதற்குச் செலவழித்தது எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அப்பாவின் கணக்கு அதைவிட எளிமை. மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்புக் கடைக்காரன் என்ன தருவானோ அதுதான் விலை என்றார், நாற்பதாயிரம்.

"ஏனுங் மாமா, இழுவைக்கு வெலை இல்லீங்களா?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

"இழுவையத் தராசுல வெக்க முடியுமாடா?" என்றார் அப்பா.

நான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். முன்பணத்துக்கு வேண்டியதும் கிடைத்து, மேலே ஐயாயிரமும் மிஞ்சியது. படிப்பின் அருமையை எங்கள் வீடு கண்கூடாகக் கண்ட நாள் அது. மாமா முகத்தைச் சுளித்தாலும், "அம்முணி படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார். அவருடைய போனிலேயே படத்துடன் விளம்பரம் போட்டேன். மலை ஏறுவதில் இதற்கு நிகர் வேறில்லை என்ற பொருளில் இங்கிலீஷில் ஏதோ எழுதிய ஞாபகம்.

எங்கள் பக்கத்தில் பழைய வண்டியை வாங்க வருகிறவர்கள் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். பேக்டரிக்குக் கீழே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. வண்டி நிறைய ஆட்களை ஏற்றி அதன் பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போடுவார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார்கள். அங்கிருந்து வண்டியைக் கிளப்பும்போது பழம் நசுங்கக் கூடாது. புது வண்டி வாங்கினால் ஊர் உலகமெல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கும். பழைய வண்டியை விற்கும்போது நாங்கள் அதைக் காப்பாற்றுவோம். பாரத்துக்கு உட்காருகிறவர்களுக்கு டீயும் பன்னும் விற்பவர் செலவு. ஆகையால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாரத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

முதலில் வந்தவர் மேட்டுப்பாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். அவர் கண்முன்னே மாமா வண்டி நிறைய ஆட்களோடு ஏற்றத்தில் நின்று கிளம்பினார். பழத்தில் ஒரு கீறல் இல்லை. மண்டிக்காரர் கைதட்டாத குறைதான். மாமா அதோடு விட்டிருக்கலாம். கீழே இருப்பவர்கள் கையில்தான் காசு புழங்குகிறது, அவர்கள் ஊரிலேயே ஓட்டிக் காட்டினால் பேரமே இருக்காது என்று எண்ணி, என்னையும் ஏற்றிக்கொண்டு அவரோடு மலையிறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து சாலை சமமானதும் மண்டிக்காரர் ஸ்டியரிங்கை வாங்கினார். கொஞ்ச தூரம் போவதற்குள் இன்ஜின் அலறத் தொடங்கிவிட்டது. சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

"என்னங்க இது? சத்தம் நூறுல போகுது, வண்டி நாப்பதத் தாண்ட மாட்டீங்குது!"

"ஏத்தத்துக்குன்னு பண்ணுனதுங்க" என்றார் மாமா.

"எங்கூர்ல ஏத்தத்துக்கு நான் எங்கீங்க போவேன்? மண்டி வாசப்படி ஒண்ணுதான் மேடு!"

ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்னார். மாமா சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பி மலையேறும்போது கார் முனகலே இல்லாமல் ஏறியது. "இப்பச் சொல்லு அம்முணி, இது அம்பதாயிரம் வண்டியா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் ஒவ்வொரு வளைவிலும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தவர் கோத்தகிரிக்கு மேலே கேரட் போடும் ஒரு படகர் இன விவசாயி. வெள்ளைச் சால்வையை மடித்துப் பானெட் மேல் வைத்துவிட்டுக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். ஏற்றத்தில் அவரே ஓட்டினார். பழம் தப்பித்தது. பிறகு பேரம் தொடங்கி, காலை முழுவதும் நடந்தது.

"பல்சக்கரம் மாத்துனது நல்ல வேலைங்க. இந்த மாதிரி நான் பாத்ததில்ல. அதுக்கு ஒரு பத்தாயிரம் கொறைங்க."

"நல்ல வேலைன்னா எதுக்குங்க கொறைக்கோணும்?"

"நாளைக்கு ஒடஞ்சா இத எந்தக் கடையில போய் நான் கேக்கறது? உங்களையே தேடி வரோணும். நீங்க அன்னைக்குக் கல்யாண ஊட்ல இருப்பீங்க."

காலடிச் சூட்டுக் குழாயையும் அதே மாதிரி புகழ்ந்து அதற்கும் குறைத்தார். மாமாவும் விடவில்லை. "சூட்டுக்குக் கொறச்சா கொழாயக் கழட்டிக்கறேன், உங்க ஊட்டம்மா கால் வெறைக்கட்டும்" என்றார். இருவரும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். கடைசியில் அவர் தொண்ணூற்றைந்தாயிரத்தில் நின்றுவிட்டார். கையில் அவ்வளவுதான் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பணத்துக்கு அது போதாது. ஆனாலும் அன்றைக்கு மாமா சீட்டியடித்துக்கொண்டே குளித்தார். ஆள் கைவிட்டுப் போனதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அம்மா திட்டினார்.

சீசன் நெருங்கிவிட்டது. அம்மா பழைய துணிப்பை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டார். மாமாவின் வேட்டி சட்டை கொள்ளும் பை அது.

அப்போதுதான் மூன்றாமவர் வந்தார். வெயில் கண்ணாடி போட்ட இளவயதுக்காரர். கோத்தகிரி ரோட்டில் புதிதாக ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். மாமா வழக்கம்போல எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். பாரத்துக்கு ஆட்களும் வந்து நின்றார்கள். அவர் காரைச் சுற்றி வந்தார். டேப்பை இழுத்து நீளமும் அகலமும் அளந்தார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். மாமா பானெட்டைத் தூக்கினார். அவர் அதற்குள் போனில் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

"கேட்ல நிறுத்தப் போறோமுங்க. இன்ஜின எடுத்துட்டு அந்த எடத்துல பூச்செடி வெச்சரலாம். கெஸ்டுங்க போட்டோ எடுத்துக்குவாங்க. ஒண்ணு இருபத்தஞ்சு தானுங்களே?" என்று போனை வைத்துவிட்டு மாமாவிடம் கேட்டபடி பையைத் திறந்தார்.

ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. மண்டிக்காரருக்கும் கேரட்காரருக்கும் புரியாத என் சராசரி படித்த மனிதர் ஒருவருக்குப் புரிந்துவிட்டது.

மாமா பணத்தை வாங்கக் கை நீட்டவில்லை. "ஒருக்கா ஏத்தத்துல ஓட்டிப் பாத்துருங்க" என்றார்.

"வேண்டாமுங்க, எனக்கு ஓடுற வண்டியே தேவையில்ல."

"சும்மா ஒரே ஒருக்காங்க. ஆளெல்லாம் வந்து நிக்கறாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா கொஞ்சம் கிட்டே போனார்.

"அஞ்சாயிரம் கொறச்சுக்கறேனுங்க. ஏறி உக்காருங்க, போதும். நானே ஓட்டறேன்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், கேக்காத மனுசனுக்கு எதுக்குடா கொறைக்கற? கிறுக்குப் புடிச்சுதா?"

ரிசார்ட்காரர் நல்ல மனிதர்தான். மாமாவின் தோளில் தட்டி, "பரவால்லீங்க, நீங்க எதுக்கு நட்டப்படறீங்க? கேட்டதையே வாங்கிக்குங்க" என்று முழுப் பணத்தையும் அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை என்னிடம் தந்தார். எல்லோர் முன்னாலும் நான் எண்ணி, சரியாக இருக்கிறது என்றேன். அடுத்த நாள் லாரி வந்தது. காரை மாமாவே பலகைமேல் ஓட்டி லாரியில் ஏற்றி, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பிக்கப் வந்தது, மூட்டை ஏற்றும் வேலையும் வந்தது, திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க, மாமா மட்டும் சில நாட்கள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. ரிசார்ட்காரர் பேரம் பேசாமல் கொடுத்ததால், இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கலாமே என்று மாமா வருந்துகிறார். விலை போட்டவள் என்ற முறையில் ஆறுதல் சொல்வது என் கடமை என்று பட்டது.

"அடுத்த வண்டிக்கு ஜாஸ்தியாப் போட்டுக்கலாம் மாமா" என்றேன்.

மாமா என் தட்டில் இருந்த சோற்றைத் தன் கையால் பிசைந்துவிட்டு, "ஆமா அம்முணி, போட்டுக்கலாம்" என்றார்.