இலை உதிராத மரம்

இன்று சாயங்காலம் கிறிஸ்துமஸ் மரம் வாங்கக் காரைக்கால் கடைத்தெருவுக்குப் போனேன். பேத்தி கேட்டிருந்தாள்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் மரத்தை விரித்துக் காட்டினார். "ஒரு இலகூட உதிராதுங்க. எத்தன வருசமானாலும் இப்படியேதான் நிக்கும்."

எண்பதுகளில் எங்கள் வீட்டில் நின்ற மரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் மரம் என்றால் சவுக்குதான். கீழவாஞ்சூர் பக்கமிருந்து அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய் டின்னில் மணல் நிரப்பி நட்டு, பஞ்சும் ஜிகினாத் தாளும் ஒட்டுவோம். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரித்துவிடுவோம்.

அந்த வருஷம் அம்மா பிரிக்க விடவில்லை. பிரான்சுக்குப் போன அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை.

"பெரியவன் வந்து பாக்கட்டும்" என்றாள்.

மரம் காய்ந்து உதிர்ந்தது. தினமும் காலையில் அம்மாவே கூட்டி அள்ளினாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது வெறும் குச்சியில் பஞ்சு தொங்கியது. வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மரத்த எடுத்துடலாமேம்மா."

"எடுத்துட்டா கிறிஸ்துமஸ் முடிஞ்சிடும், சாமி."

அண்ணன் வரவில்லை. கரையான்தான் வந்தது. ஒருநாள் அப்பா மரத்தை ஒடித்து அடுப்பில் வைத்தார். அன்று முழுக்க அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை. பின்னால் அவள் இறந்தபோது, அடக்கத்துக்கும் அண்ணன் வரவில்லை.

"பேக் பண்ணிடட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"உதிர்ற மாதிரி மரம் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேத்திக்கு என்ன சொல்வது என்று யாராவது சொல்லுங்களேன்.