பிரேக்கை மறந்த கால்

தென்காசியில் என்னைப் போல கார்புரேட்டர் டியூன் பண்ண ஆளே கிடையாது. சும்மா சொன்னேன், பொய். எனக்குத் தெரிந்தது, ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதும் இஞ்சினை ஓடவைக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதையும் திருகிப் பார்த்துத்தான் சொல்வேன்.

என் பழைய காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இஞ்சின் அணைந்துவிடும். அதனால் காரை நிறுத்த எனக்குப் பிரேக்கே தேவைப்படாது. "இஞ்சினே தேஞ்சு கெடக்குலே, ஸ்க்ரூவைத் திருகி என்ன செய்யப்போற?" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. நான் கேட்பேனா? போன சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் கிளம்பும் முன், இஞ்சின் சூடாகாமலேயே ஸ்க்ரூவை நன்றாகத் திருகி வேகத்தைக் கூட்டினேன். அணையவில்லை.

"பாத்தியாட்டி, நாந்தான் இஞ்சினியரு!" என்று மனைவி செல்வியிடம் பீற்றிக்கொண்டேன்.

குற்றாலத்தில் ஒரு சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தப் போனேன். செல்வி காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, "வாங்க, வாங்க" என்று கை காட்டினாள். "போதும்" என்றாள். வழக்கம்போல் கியரை எடுக்காமலேயே கிளட்ச், ஆக்சிலேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டேன். சூடேறி இன்னும் வேகமாக ஓடிய இஞ்சின் அன்றைக்கு அணையவில்லை. கார் அவளைச் சுவரோடு வைத்து அழுத்தியது. வலது முட்டி நொறுங்கிவிட்டது.

இப்போதெல்லாம் ஸ்க்ரூ பக்கமே போவதில்லை. பிரேக்கை மிதிக்காமல் காரை நிறுத்துவதும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவளும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால்...

"அங்கன என்னத்த எழுதுதீய? கக்கூசுக்குப் போணும், வந்து தூக்கி விடுங்க."