அவங்களுக்கு எந்த வார்டு?

இங்கிலாந்தின் வடக்கே நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஊரில், பஸ் கண்டக்டர் என்னை 'லவ்' என்று கூப்பிடுகிறார். வந்த முதல் வாரம் பயந்துபோய் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், எனக்குப் பின்னால் ஏறிய மீசைக்காரக் கிழவரும் அவருக்கு 'லவ்'தான். ஆஸ்பத்திரியில் மட்டும் அது செல்லாது. அங்கே மிஸ்டர், மிஸ் என்று பிரித்த பிறகுதான் படுக்கை.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரும் ஒன்றும் பின்தங்கியதில்லை. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், நான் ஓர் ஆஸ்பத்திரியில் புது நர்ஸாக இருந்த காலம். தீபாவளிக்கு முந்தைய சீசன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டதில் இரண்டு கையும் வெந்து வந்தாள் பாக்கியம். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்ந்தவள். அப்பா வைத்த பெயரைத்தான் பதிவேட்டில் எழுதுவேன் என்றார் குமாஸ்தா. ஆண்கள் வார்டில் சிரித்தார்கள். பெண்கள் வார்டில் கதவைச் சாத்தினார்கள். மத்தியானம் வரை வராந்தா பெஞ்சில் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து சேலையை விலக்கச் சொன்னார். கூட வந்த இரண்டு இளம் டாக்டர்களையும் பார்க்கச் சொன்னார்.

"ஐயா, வெந்தது கையிங்க," என்றாள் பாக்கியம். "அதக் கொஞ்சம் பாருங்க."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. களிம்பு எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நான் அவளைத் துணி வைக்கும் அறைக்குக் கூட்டிப்போய், விரல் விரலாகப் பிரித்துக் கட்டுப்போட்டேன். மூன்று நாள் அப்படி நடந்தது. மூன்றாம் நாள் மாலை பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆள இங்கன சேத்தா ஒன் வேல போயிரும், பாத்துக்க." மறுநாள் பாக்கியம் வந்தபோது நான் அதே அறையில் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். "நர்சம்மா, இருக்கீகளா?" இரண்டு தடவை கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

சீமைக்குப் புறப்படும் முன் சாத்தூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றாய் ஒட்டியிருந்தன. அழுதுவிட்டேன்.

"நீங்க எதுக்கு அழுகுறீக?" என்றாள். "மூணு நாள் பாத்தீகள்ல. மத்தவுக அதுவும் பாக்கலியே."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

போன குளிர்காலத்தில் இங்கே ஜீன் வந்தாள். பாக்கியத்தைப் போன்றவள்தான். வயிற்றுப் புண். தனி அறையில் போட்டு, அட்டையில் மிஸ்டர் என்று எழுதி, சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் 'ப்ளீஸ்' சொன்னார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஜீனை 'ஷி' என்றேன். மேட்ரன் அம்மையார் 'ஹி' என்று திருத்தினார். மறுபடி 'ஷி' என்றேன். என்னைத் தனியே அழைத்து, உன் மொழியில் ஆண், பெண் வித்தியாசமே கிடையாதா என்று கேட்டார்.

"'அவங்க' என்று ஒரு சொல் இருக்கிறது, எல்லாருக்கும் பொருந்தும்," என்றேன்.

பரிதாபப்பட்டு என்னை மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டார். போனேன். 'ஷி'யை மட்டும் விடவில்லை.

ஒரு காலை ஜீன் ரத்தமாக வாந்தி எடுத்தாள். டாக்டர் வாசலில் நின்றே விசாரித்துவிட்டுத் திரும்பினார். நான் வழியில் நின்றுகொண்டேன். "வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ப்ளீஸ்." நான் நகரவில்லை. அவர் உள்ளே போய் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. அன்றைக்கே ஆபரேஷன். ஜீன் பிழைத்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று கேட்டாள்: "உன் ஊர் ஆஸ்பத்திரியில் என்னை மனுஷியாகப் பார்த்திருப்பார்கள், இல்லையா?"

"ஆமாம்," என்றேன்.

அவளை அனுப்பிவிட்டு, ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள் என்று எழுதினேன்.