வெள்ளையடிக்க ஆள் கிடைக்காத சுவர்

செத்துப்போன ஒருவருடைய போனை இரண்டு வருஷம் சார்ஜ் போட்டு வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் பட்டேன். அந்தத் தொல்லையை என்னிடமிருந்து எடுத்துவிடு தாயாரே என்று சன்னதியில் நின்று கெஞ்சிக் கேட்டேன். அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் என் சாட்சி. நம் சனிக்கிழமை பஜனைக் குழுவில் இதை எழுதித் தரச் சொன்னவர்கள், கொஞ்சம் பக்தியாக எழுதுங்கள், கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்குப் பக்தி வருவதே கோபத்தோடுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தனலட்சுமி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் செல்வராஜ் லால்குடி பக்கம் போகிற தனியார் பஸ்ஸில் இருபத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர். நல்ல மனுஷன். ஆனால் அவரோடு குடித்தனம் நடத்துவதற்கு எனக்குக் கிடைத்த பொறுமை போதவில்லை.

நம் பக்கத்தில் நடவுக்கு ஆள் கிடைக்காமல், வங்காளத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவருவது உங்களுக்குத் தெரியும். ஏஜென்ட் ஒருவன் ரயிலடியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஏதோ ஒரு வயலில் இறக்கிவிடுவான். ஆதார் கார்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். இறங்கினவர்களுக்கு அது எந்த ஊர் என்று தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். மோட்டார் ரூமில் தங்கி, பத்து நாள் நட்டுவிட்டு, வேன் வந்தால் அடுத்த வயல். இப்படியே ஒரு பருவம் முழுக்கப் போகும்.

ஒருமுறை அப்படி ஒரு குழுவில் ஒருவர் வயலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால், திருச்சி என்றார்களாம். திருச்சியில் எங்கே என்றால், நெல் வயல் என்றார்களாம். கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் பஸ்ஸைத்தான் மறித்தார்கள். இவர் பஸ்ஸிலேயே அந்த உயிர் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

“எறங்குற ஊர் தெரியாத மனுசனை எப்படி தனம் பஸ்ல ஏத்துவாங்க?” என்றார். அதையே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பினார். எனக்குச் சனி பிடித்தது அன்றிலிருந்துதான்.

வங்காள ஆள் ஒருவரிடம் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். விடுமுறை நாளெல்லாம் ஊர் ஊராகப் போய், ஆட்கள் தங்குகிற மோட்டார் ரூம் சுவர்களில் அந்த ஊர்ப் பெயரையும் அடையாளத்தையும் வங்காள எழுத்தில் எழுதுவார். கீழே தன் போன் நம்பரையும் எழுதிவிடுவார். புதிதாக வந்தவர்களை வரப்பில் உட்காரவைத்து, நாங்கள் இருப்பது இந்த ஊர், இந்த ஸ்டாப்பிங் என்று தமிழில் சொல்லப் பழக்குவார். ஏஜென்டுகளிடம் கார்டைத் திருப்பிக் கொடு என்று மல்லுக்கு நிற்பார். ஒருவன் அடிக்கவே வந்தான். வேலையை விட்ட பிறகு இதுவே முழுநேரமும் ஆகிவிட்டது. வேட்டியெல்லாம் நீலப் பெயின்ட். எந்த வேட்டியிலிருந்தும் அது போகவில்லை.

அதைவிடக் கொடுமை அந்தப் போன். நாம் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் அடிக்கும். எடுத்ததும், “தேயாலே கீ லேகா? பொடோ, பொடோ!” என்று கத்துவார். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, படி என்று அர்த்தமாம். எதிர்முனையில் இருப்பவருக்கு அழுகையோ பதற்றமோ, எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான். மற்றதெல்லாம் பிறகு. குழம்பு ஆறிப்போகும். நான் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடிப்பேன். சம்பளப் பிரச்சினை, காய்ச்சல், காணாமல்போன கார்டு என்று எது வந்தாலும், யாரையாவது கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எத்தனை பேருக்கு நல்லது செய்தார் என்று நான் எண்ணவில்லை. எத்தனை நாள் சாப்பாடு வீணானது என்று கேட்டால் சொல்வேன்.

ஒரு ஐப்பசி மாதம் நெஞ்சுவலி என்றார், போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் முப்பது பேருக்கு மேல் எனக்குப் பாஷை புரியாதவர்கள். வாசலில் நின்று அழுதார்கள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகும் போன் அடித்தது. அணைத்துவிடலாம் என்றால் மனசு வரவில்லை. எடுத்தால் ஒன்றும் புரியவில்லை. “அவர் இல்லைங்க, போயிட்டாருங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு வைப்பேன். திரும்ப அடிக்கும். வாடிக்கையாளருக்கு அளவெடுக்கும்போது அடிக்கும். கழுத்தளவை மறந்து கையளவை எழுதி, ஒரு கல்யாண ஜாக்கெட்டையே பாழாக்கினேன். அந்தப் பெண் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

போன வருஷம் கீழமங்கலத்திலிருந்து ராஜேந்திரன் அண்ணன் வந்தார். அவர் மோட்டார் ரூமில்தான் இவர் பெரிய எழுத்தாக எழுதிவைத்திருந்தார். அந்தக் காலத்திலேயே வந்து சண்டை போட்டவர், இப்போது மரியாதையாக, வெள்ளையடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில், தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள், மிச்ச ஊர்க்காரர்களிடமும் சொல்லுங்கள், அந்த நம்பரே இல்லாமல் போகட்டும் என்றேன். இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். சாட்சியில் பொய் எழுதக்கூடாது.

இந்தப் புரட்டாசியில் பொறுமை தீர்ந்தது. ரீசார்ஜ் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, இனிமேல் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் தாயார் சன்னதிக்குப் போனேன். எனக்குப் பேச்சுவார்த்தையெல்லாம் தாயாரோடுதான். பெருமாள் படுத்திருக்கிறார். படுத்திருப்பவரிடம் போய்ப் புலம்ப எனக்குச் சங்கடம்.

அன்றைக்குக் கூட்டமான கூட்டம். பின்னாலிருந்து நெருக்கினார்கள். கிடைத்த ஒரு நிமிஷத்தில் நான் கேட்டது இதுதான்: தாயாரே, அந்த மனுஷனை எடுத்துக்கொண்டாய், சரி. அவர் இழுத்துப் போட்டுக்கொண்டதை எல்லாம் என் தலையில் ஏன் வைத்தாய்? நான் தையல்காரி. எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது. இந்தப் போன் இனி அடிக்கக்கூடாது. எனக்கு வேறெதுவும் வேண்டாம். மஞ்சள்காப்புப் பிரசாதம் வாங்கிக்கொண்டு, பாரம் இறங்கினதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

பதினோரு மணிக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடிக்கிறது.

கட் செய்தேன். இரண்டாம் தடவையும் கட் செய்தேன். காலையில்தானே சொல்லிவிட்டு வந்தேன் என்று தாயார் மேல் கோபம். மூன்றாம் தடவை, இரண்டு திட்டு திட்டுவோம் என்று எடுத்தேன்.

ஒரு பெண் குரல். அழுகிறாளா கத்துகிறாளா என்று புரியவில்லை. பின்னால் ஓர் ஆண் முனகுகிறான். வேறு குரல்களும் சேர்ந்து கத்துகின்றன. தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் தன் பாஷையிலேயே கத்தினாள். ஏதோ உயிர் போகிற விஷயம் என்று மட்டும் விளங்கியது. அவளுக்கு யாரென்று தெரியாத எனக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத அவள் போன் செய்கிறாள். அவளோடு பேசக்கூடிய மனுஷன் மண்ணோடு போய்விட்டார்.

அப்போது நான் வேண்டினது வேண்டுதலே இல்லை, அதட்டல். ‘தாயாரே, நீயே இழுத்துவிட்டாய், நீயே பேசு’ என்றேன்.

அடுத்த நொடி என் வாய் திறந்து, “தேயாலே கீ லேகா? பொடோ, பொடோ!” என்று கத்தியது.

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது. எத்தனையோ வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட வாக்கியம், அவர் குரலின் அதே வேகத்தில் என் வாயிலிருந்து வந்தது. எதிர்முனையில் அழுகை நின்றது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். கீழமங்கலம். பெரிய வாய்க்கால். அரசமரத்துக்கு எதிர் மோட்டார் ரூம். அவள் வாயில் எல்லாம் உருண்டு திரண்டுதான் வந்தது, ஆனால் எனக்கு விளங்கியது. விளங்காமல் எப்படி இருக்கும், அந்தச் சுவருக்காக அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நான்.

ஆம்புலன்ஸுக்கு ஊரும் வாய்க்காலும் மரமும் சொன்னேன். வயலில் இருந்தவர்களே கொஞ்சம் முன்னால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, திருச்சி, நெல் வயல் என்று சொல்லித் தவித்திருக்கிறார்கள். அவர் இல்லாததால் இந்த வருஷம் வந்தவர்களுக்கு ஊர்ப் பெயரையோ, சுவரில் எழுதியிருப்பதுதான் அது என்பதையோ யாரும் சொல்லித் தரவில்லை. ஏஜென்டின் போன் அணைந்து கிடந்திருக்கிறது. பிறகு ராஜேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் லால்குடியில் உரக்கடையில் இருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, எனக்குத் தாங்காமல் கேட்டேன்.

“அண்ணே, அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கலையா?”

“அடிக்க ஆள் கெடைக்கலம்மா” என்றார். “தீபாவளிக்கு அடிக்கலாம்னு விட்டுட்டேன்.”

தையல் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஜாக்கெட் வாங்க வந்திருந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளையடிக்க ஒரே ஓர் ஆள் கிடைத்திருந்தால் அவள் படிக்க அந்தச் சுவரில் ஒன்றும் இருந்திருக்காது.

கண்ணாடி விரியன். கட்டுக் கட்டி வைத்த நாற்று முடியை எடுக்கும்போது கணுக்காலில் கடித்திருக்கிறது. கடிபட்டவர் பெயர் நிதாய். போன் செய்தவள் அவர் மனைவி சபிதா. இன்னும் அரை மணி நேரம் தாண்டியிருந்தால் கஷ்டம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு, புரட்டாசிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், ஆட்டோ பிடித்து நானும் போய்ச் சேர்ந்திருந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. சபிதாவும் நானும் ஐந்து நாள் அந்த வராண்டாவில் ஒரு வார்த்தை புரியாமல் நிறையப் பேசினோம். ஐந்தாம் நாள் நிதாய் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

இரண்டாம் நாளே ஏஜென்ட் வந்தான். ஆஸ்பத்திரியில் கார்டு கேட்கிறார்கள், எங்கே என்றேன். பத்திரமாக இருக்கிறது என்றான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க யாருங்க இதுல?” என்றான்.

இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சம்பந்தமில்லாதவள் என்று சொல்லிவந்தவள் நான். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

“சுவத்துல நம்பர் இருக்கே, அதை எடுக்கிறவ நான்தான்” என்றேன். “கீழமங்கலத்துல நடுற பதினாறு பேரோட கார்டும் சாயங்காலத்துக்குள்ள அவங்கவங்க கையில இருக்கணும். இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்துட்டு அங்கயே உக்காந்துக்குவேன். எனக்குக் கோவம் வந்தா சீக்கிரம் போகாதுங்க.”

சாயங்காலம் கார்டுகள் வந்தன. பதினாறும் வந்தன. அவர் உயிரோடு இருந்தபோது இதற்காக அலைந்தது எனக்கு நினைவு வந்தது. கூட ஒருநாள் போயிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

நிதாய் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சபிதா என் கடைக்கு வந்தாள். அளவெடுக்கும் நோட்டில், நான் சொல்லச் சொல்ல, முப்பது ஊர்ப் பெயர்களை வங்காளத்தில் எழுதிக் கொடுத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெயின்ட் டப்பாவும். அவரைப்போல எனக்குக் கை வராது, பார்த்து வரைகிறேன், அவ்வளவுதான். என் சேலைகளிலும் நீலம் ஏறிவிட்டது. ராஜேந்திரன் அண்ணன் புதிதாக ஒரு மோட்டார் ரூம் கட்டியிருக்கிறார். சுவர் காய்ந்ததும் அவரே போன் செய்து, “எப்பம்மா வந்து எழுதறே?” என்று கேட்டார். அவசரம் வேறு படுத்துகிறார்.

போன் இப்போதும் சோற்றில் கை வைக்கும்போதுதான் அடிக்கிறது. நான் இப்போதும் திட்டிக்கொண்டுதான் எடுக்கிறேன். தாயார் என்னைச் சாந்தமானவளாக மாற்றிவிட்டாள் என்று எழுதினால் என் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். நான் கேட்டதை அவள் தரவில்லை. நான் வேண்டாம் என்றதையே திருப்பிக் கையில் வைத்து, அதற்குள் ஓர் உயிரையும் வைத்துக் கொடுத்தாள். வீதி உலாவுக்குக்கூட வெளியே வராத நம் தாயாரைப் படி தாண்டாதவள் என்று சொல்வோம். அவள் தாண்ட வேண்டியதில்லை. நம்மைத் தாண்ட வைக்கத் தெரிந்தவள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தூக்கி எறிய முடியாத ஏதோ ஒரு பாரம் இருக்கும். போய் அவளிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் கேட்பாள், அதற்கு நான் சாட்சி. ஆனால் சொல்லிவிட்டு வந்த பிறகு போன் அடித்தால், என்னைப்போல இரண்டு தடவை கட் செய்யாதீர்கள். முதல் தடவையே எடுத்துவிடுங்கள்.